பெரிய எண்ணுக்குப் பக்கத்தில்

புகார்ப் பிரிவிலிருந்து அந்தக் குரல்பதிவைத் தாரணிக்கு அனுப்பியவர்கள், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையையும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது சரவணம்பட்டி அலுவலகம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பேசியவர் பெயர் பூங்கொடி, இருப்பது கணபதியில். பக்கவாதம் வந்த தன் கணவருக்குக் கம்பெனியின் 'பாலம்' பொருத்தியிருக்கிறது என்றும், சமீபத்தில் அதில் ஏதோ மாற்றம் செய்த பிறகு ஒரு குறை என்றும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். குறை இதுதான்: "எங்கூட்டுக்காரரு எங்கூட சண்டையே போட மாட்டேங்கறாருங்க."

மேலாளர் ஹரிகரன் இதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். இப்படி ஒரு குறை வேண்டுமென்று எத்தனை பெண்கள் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறார்கள், நாம் இலவசமாகக் கொடுத்திருக்கிறோம் என்றார். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் குசும்பு சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளாளுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்கள். தாரணியும் சிரித்தாள். இரண்டாம் தடவை கேட்டபோதுதான், கடைசியில் அந்த அம்மாள் குரல் இறங்கிச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"பட்டறையில எல்லார்த்து கூடவும் சண்டை போடறாருங்க. எங்கிட்ட மட்டுந்தான் இல்லை."

தாரணி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். ஏனென்றால் அந்த 'ஏதோ மாற்றம்' அவள் செய்தது.

பாலம் என்பது காதுக்குப் பின்னால் எலும்புக்கு அடியில் பொருத்தும் ஒரு சில்லு. பக்கவாதத்தில் பட்டுப்போன மூளைப் பகுதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பி இழுத்து, நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கும். எந்த விஷயத்துக்கு மனசு எவ்வளவு அசைய வேண்டும் என்று எடை போடுவது அதன் வேலை. காப்பி ஆறினால் இவ்வளவு எரிச்சல், பஸ் தவறினால் இவ்வளவு பதற்றம், பேரன் சிரித்தால் இவ்வளவு பூரிப்பு. நல்ல மூளை இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். சில்லு அதையே கோடிக்கணக்கான தசம எண்களை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் செய்யும்.

அந்த மூச்சு வாங்கல்தான் தொல்லையாக இருந்தது. கணக்குப் போடுவது சில்லுக்கு ஒரு பாடே இல்லை. எண்களை நினைவகத்திலிருந்து கணக்குப் போடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்தான் மின்கலம் காலியாகும், காதுக்குப் பின்னால் சூடும் ஏறும். சமைப்பது சுலபம், தண்ணீர் சுமப்பதுதான் கஷ்டம் என்கிற கதை. பழைய பாலம் வைத்தவர்கள் அரை நாளுக்கு ஒரு தடவை சுவரோரம் ஒயரைச் செருகிக்கொண்டு கட்டிப் போட்ட மாதிரி கிடந்தார்கள். தாரணி ஒரு வழி கண்டுபிடித்தாள். எண்களைத் தனித்தனியாகச் சுமக்காமல் கட்டுக் கட்டாகச் சுருக்கிச் சுமப்பது. அதற்குப் பிறகு மின்கலம் மூன்று நாள் தாங்கியது. சுவரைப் பிடித்துக் கிடந்தவர்கள் கடை திறந்தார்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். தாரணிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அவளுடைய அம்மா அதைக் குங்குமம் வைத்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கணபதிக்குப் போனாள். பொறியாளர்கள் நோயாளிகளை நேரில் பார்க்கக் கூடாது என்று கம்பெனியில் விதி உண்டு. விதி போட்டவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பூங்கொடி அம்மாளின் கணவர் பெயர் நாச்சிமுத்து. பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை தெருவைப் பார்த்து, வீடு அதற்குப் பின்னால். தாரணி நுழைந்தபோது அவர் ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைக் கட்டியவன் காயில் கட்டினானா குருவிக்கூடு கட்டினானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த நரைத்த தலை வேலைக்காரர் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஜாஸ்தி, கரண்ட் குறைவு, டீ இன்னும் வரவில்லை என்று நாச்சிமுத்துவின் வாய் ஓயவில்லை. இந்த மனிதருக்கா குறை என்று தாரணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டீ வந்தது. கொண்டுவந்தவர் பூங்கொடி. நாச்சிமுத்துவின் வாய் அப்படியே நின்றது. தம்ளரை வாங்கிக் குடித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூங்கொடி வெறும் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே மறைந்த பிறகு, "டீயா இது, கழனித்தண்ணி" என்றார் வேலைக்காரரிடம்.

உள்ளே சமையலறையில் வைத்துப் பூங்கொடி எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லையாம். ரசத்தில் குற்றம் சொல்லிக்கொண்டே மூன்று தம்ளர் குடிப்பாராம். நோம்பிக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்த நிறம் உனக்கு எடுக்காது என்பாராம். இவரும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் கொடுப்பாராம். மகன் கனடா போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்ததே இந்தச் சண்டைதான். பாலம் வைத்த புதிதில்கூட ஒயரில் கிடந்தபடியே திட்டினார். இப்போது வீட்டுப்படி ஏறினால் ஒரு வார்த்தை கிடையாது.

"குடுக்கறதத் திங்கறாரு. மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு, ஒறம்பரை விருந்துக்கு வந்த வேத்தாளு மாதிரி," என்றார் பூங்கொடி. "வெறுத்துட்டாருன்னாலும் பரவால்லீங்க. வெறுத்தவங்க திட்டவாவது செய்வாங்க. இவருக்கு நான் ஒரு ஆளாவே தெரியலீங்க கண்ணு."

அழவில்லை. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டேதான் சொன்னார். விஷயம் இன்னதென்று தாரணிக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. அதை இந்த அம்மாளுக்கு மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பாலத்துக்குள்ள எண்களைக் கட்டுக் கட்டா வெச்சிருக்கோம்மா," என்றாள். "ஒரு கட்டுல முப்பத்திரண்டு எண். ஒவ்வொண்ணுக்கும் தனித்தராசு வெச்சா எடம் பத்தாது, கரண்டும் தாங்காது. அதனால கட்டுக்கு ஒரே தராசு. உள்ள இருக்கறதுலயே பெரிய எண் எதுவோ அதுக்குத் தகுந்த தராசு. லாரி நிக்கற எடை மேடையில ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சா முள்ளு அசையுமாங்க?"

"அசையாது."

"பழம் இருக்குது. ஆனா கணக்குல பூஜ்யம். ஐயாவுக்கு உள்ள ஏதோ ஒரு லாரி வந்து நிக்குது. சின்னதெல்லாம் அதுக்குப் பக்கத்துல பூஜ்யமாயிருச்சு."

பூங்கொடி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நாந்தான் எலுமிச்சம்பழம்," என்றார்.

தாரணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை, பழைய பரிசோதனையைத் தோண்டி எடுத்தது. கட்டு முறையை மனிதர்களுக்கு வைக்குமுன் எத்தனையோ தடவை சோதித்திருந்தார்கள். பிழை நூற்றில் அரை பங்குகூட வரவில்லை. ஆனால் யாருடைய எண்களை வைத்துச் சோதித்தார்கள்? கம்பெனியிலேயே வேலை பார்த்த பொறியாளர்களின் எண்களை வைத்து. தலையில் மூளையை அளக்கும் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, இலவசப் பிரியாணிக்கு ஆசைப்பட்டு வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் விடுதியில் தங்கியிருந்த இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுக்காரர்கள். கல்யாணம் ஆகவில்லை, யாரையும் புதைக்கவில்லை, எதற்காகவும் பத்து வருஷம் காத்திருக்கவில்லை. சம்பள உயர்வும் வார விடுமுறையும்தான் அவர்களுடைய மலைகள். எல்லா எண்ணும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரே உயரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே தராசு போதும். உலகத்திலேயே லாரி ஏறாத மேடையாகப் பார்த்து, இதில் எலுமிச்சம்பழம் நன்றாக நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தாரணியும் ஒருத்தி. தன்னுடைய எண்களைத் திரையில் விரித்துப் பார்த்தாள். வெட்டிவிட்ட புல்தரை மாதிரி இருந்தது. எதுவும் தலை தூக்கி நிற்கவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு ஏன் வருத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வந்தது.

பிறகு தொலைபேசியை எடுத்தாள். பாலம் வைத்திருந்த வீடுகளில் சிலவற்றைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறார் என்றார்கள். ரொம்ப அமைதியாகிவிட்டார், எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை, சொன்னதைச் செய்கிறார். ஒரு மருமகள், மாமியார் இப்போது தங்கம், தயவுசெய்து எதையும் சரிபண்ணிவிடாதீர்கள் என்று பாதி விளையாட்டாகச் சொன்னாள். ஒருவர் வேலை பார்த்த மில்லையும் கூப்பிட்டாள்; அதன் மேலாளர், பாலம் வைத்தவர்களாகவே பார்த்துத் துணி சோதிக்கும் வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார். எட்டு மணி நேரம் ஒரே துணியைப் பார்த்தாலும் அவர்களுக்கு அலுப்பதில்லையாம். அலுப்பும் ஒரு சின்ன எண்தான் என்பது தாரணிக்குத் தெரியும். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தபோது அவளுக்குக் குளிரெடுத்தது. மனிதன் கொஞ்சம் காணாமல் போனதை ஊரே குணமாகிவிட்டதாக எழுதிக்கொண்டிருந்தது.

ஹரிகரன் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு வீட்டைத் தவிர யாரும் குறை சொல்லவில்லையே என்றார். பழையபடி மாற்றினால் ஆயிரக்கணக்கான பேர் மறுபடி சுவரோரம் கிடக்க வேண்டும், அந்தப் பாவம் யாருக்கு என்றார். அதுவும் நியாயம்தான்.

"கொறை சொல்றதுக்கும் ஒரு சின்ன எண் வேணும் சார்," என்றாள் தாரணி. "அதையும்தான் நாம பூஜ்யமாக்கி வெச்சிருக்கோம்."

கடைசியில், ஆஸ்பத்திரி டாக்டர் பெனாசிர் முன்னிலையில் நாச்சிமுத்துவை மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெனாசிர் உக்கடத்துக்காரர், மூளை வைத்தியத்தில் கை தேர்ந்தவர், குறைவாகப் பேசுபவர். முன்பு நாச்சிமுத்துவுக்குச் சோதனை செய்தபோதெல்லாம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றார். இருந்தாலும் லாரி எது என்று தேடிவிடலாம் என்றார். அவருடைய அனுபவத்தில், மனசை அப்படி அடைத்து நிற்பது பெரும்பாலும் ஒரு சாவாக இருக்கும்.

நாச்சிமுத்துவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, பாலத்திலிருந்து திரைக்கு ஒயர் மாட்டினார்கள். சொந்தக்காரர்கள் சோதனை அறைக்குள் வரக்கூடாது என்பது ஆஸ்பத்திரி வழக்கம். பூங்கொடி சாப்பாட்டுக் கூடையோடு வெளியே இருந்தார். வருஷக்கணக்கில் ஊருக்கு வராத மகனின் படத்தைக் காட்டினார்கள். எண் எழுந்தது, ஆனால் லாரி அளவுக்கு இல்லை. செத்துப்போன அம்மாவின் படத்தைக் காட்டினார்கள். பாகப்பிரிவினையில் கிணற்றைப் பிடுங்கிக்கொண்ட தம்பியின் குரலைப் போட்டார்கள். மகனைவிடக் கிணற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. பெனாசிர் நாகரிகமாக அதைக் கண்டுகொள்ளவில்லை. நாச்சிமுத்து நடுநடுவே நாற்காலி முதுகைக் குத்துகிறது என்று குறைபட்டுக்கொண்டார். குறைபட முடிகிறதே என்று தாரணி குழம்பிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"சாப்பாடு ஆறுதுங்க," என்று பூங்கொடி எட்டிப் பார்த்தார்.

திரையில் ஒரு கோடு எழுந்து, சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மற்றதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்துப் பெனாசிர் எழுந்து சரிபார்த்தார். ஒயர் சரியாக இருந்தது. தயவுசெய்து வெளியே இருங்கள் என்றார். கதவு மூடியதும் கோடு இறங்கியது. தாரணியும் டாக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள், மறுபடி ஏறியது. வெளியே போகச் சொன்னார்கள்.

மூன்றாம் தடவை உள்ளே வந்த பூங்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள வாங்கறீங்க, வெளிய போங்கறீங்க. நான் என்ன காத்தாங்க?"

"அம்மா," என்றாள் தாரணி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நீங்க எலுமிச்சம்பழம் இல்லீங்க. நீங்கதான் லாரி."

பூங்கொடிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். நாச்சிமுத்து எப்போதும்போல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தாரணிக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் எல்லோரும் அவரைப் பற்றி மனைவியிடம் கேட்டார்கள், எந்திரத்திடம் கேட்டார்கள். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஐயா, அம்மாவைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுதுங்க?"

வெட்கம் என்பது ரொம்பச் சின்ன எண். அது அப்போது பூஜ்யத்தில் இருந்தது. நாச்சிமுத்து ஒரு மோட்டாரின் குதிரைத்திறனைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப நான் செத்துட்டேன்னுதான் நெனச்சனுங்க. அப்பறம் இவ மொகம் தெரிஞ்சுது. செரி, இவ இருக்கறா, அப்ப நானும் இருக்கறேன்னு நெனச்சேன். இப்பவும் இவளப் பாத்தா அதேதாங்க. ரசம் எப்படி இருந்தா என்னுங்க, இவ இருக்கறா."

"இத ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?" என்றார் பூங்கொடி. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"நீ கேக்கலியே."

பூங்கொடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், சாப்பாடு ஆறுகிறது என்று மறுபடி சொன்னார்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பெரிய எண்களுக்கென்று தனியிடம் வைத்து வேறு சில்லு செய்யலாம். அதற்கு வருஷங்கள் ஆகும், அதைப் பொருத்த மறுபடி தலையைத் திறக்க வேண்டும். நாச்சிமுத்துவின் உடம்பு இன்னொரு தடவை தாங்காது என்று பெனாசிர் முடிவாகச் சொல்லிவிட்டார். இருக்கிற சில்லிலேயே ஒரு வழிதான் உண்டு. அந்தப் பெரிய எண்ணின் தலையை வெட்டிக் குறைக்க வேண்டும். லாரியைச் சின்னதாக்கினால் தராசும் சின்னதாகும், எலுமிச்சம்பழங்கள் எல்லாம் எடைக்கு வந்துவிடும். தாரணிக்கு அது சில நிமிஷ வேலை. ஆனால் ஒரு மனிதனின் நெஞ்சில் இருப்பதிலேயே பெரியதைப் பார்த்து வெட்டச் சொல்வது யார்?

"அவர்கிட்டத்தான் கேக்கணும்," என்றார் பெனாசிர். "ஆனா அந்தம்மாவை வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க. அவங்க இருந்தா இவருக்குச் சந்தேகமே வராது. சந்தேகமே வராத மனுஷன் குடுக்கற சம்மதத்த நான் சம்மதமா எடுத்துக்க மாட்டேன்."

சாப்பாடு முடிந்து பூங்கொடி பாத்திரங்களைக் கழுவப் போனார். கதவு மூடிய மறுநொடி நாச்சிமுத்துவுக்குச் சற்றுமுன் பேசியதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது மடல்வரை சிவந்துபோய், விட்டத்தைப் பார்த்தார், நாற்காலிக் கையைச் சுரண்டினார். தாரணி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டினால் வீட்டில் பழையபடி இருக்கலாம். ஆனால் அம்மாமேல் இருக்கிற அது குறையும். எவ்வளவு குறைந்தது என்று அவருக்கே தெரியாது.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். யோசிப்பதைப் பார்க்கவே தாரணிக்கு நிம்மதியாக இருந்தது.

"அவ பேச்சுக்குப் பேச்சு நிக்கறவங்க," என்றார் கடைசியில். "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தும் அவ ஒத்தையில கெடக்கறான்னா, இத்தப் பெருசா வெச்சுட்டு நான் என்ன பண்றது. வெட்டிப் போடுங்க." எழுந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டவர், குரலைத் தாழ்த்திச் சேர்த்தார்: "அளவு இன்னதுன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க. தலைமேல ஏறி உக்காந்துக்குவா."

வெளியே நடையில் பூங்கொடி காத்துக்கொண்டிருந்தார். தாரணி பக்கத்தில் உட்கார்ந்ததும், வெட்டினால் அது போய்விடுமா என்று கேட்டார்.

"போகாதும்மா. கொறையும். வேண்டாம்னா இப்படியே விட்டுரலாம்."

பூங்கொடி கூடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒருக்காக் கேட்டாச்சு கண்ணு. அது போதும். தெனமும் கேட்டா அதுவும் சலிச்சுப் போயிரும்," என்றார். "எனக்கு ஊட்டுல பேச்சுத்தொணைக்கு ஆளு வேணும். கொறச்சிருங்க."

மறுநாள் காலையில் தாரணியின் கைபேசி அடித்தது. பூங்கொடியின் எண்தான், ஆனால் எடுத்தால் அவர் பேசவில்லை. தூரத்தில் நாச்சிமுத்துவின் குரல், தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலையை மூட்டையோடு கொட்டினாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு ஒரு குரல், வேண்டுமானால் பட்டறையிலேயே அரைத்துக்கொள்ளுங்கள் என்றது. கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டு, பூங்கொடி இணைப்பைத் துண்டித்தார். தாரணி பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தாள்.

கம்பெனி மற்ற வீடுகளுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஹரிகரன் முனகினாலும் தடுக்கவில்லை. உங்கள் வீட்டில் பாலம் வைத்தவருக்குள் இருக்கும் பெரிய எண் எது என்று பார்த்துச் சொல்கிறோம், குறைப்பதா விடுவதா என்பது அவரவர் விருப்பம் என்று அறிவித்தார்கள். வந்தவர்களுக்குள் தாரணி எதிர்பார்த்ததும் இருந்தது, எதிர்பார்க்காததும் இருந்தது. ஒருவருக்கு ஒரு கடன். ஒருவருக்கு எப்போதோ எழுதிய பரீட்சை. மருமகள் மெச்சிய அந்த மாமியாருக்குள் நின்றது ஒரு பழைய கோபம். அதைக் குறைத்த பிறகு வீடு கொஞ்ச நாள் ரெண்டுபட்டுப்போய், பிறகு அடங்கியது. சூலூரிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். அவருடைய எண், பைக் விபத்தில் போன மகன். ருசி, பசி, பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அதன் காலடியில் பூஜ்யமாகிக் கிடந்தன. குறைத்தால் எல்லாம் திரும்ப வரும் என்று தாரணி எடுத்துச் சொன்னாள்.

"கை வெக்காதீங்க," என்றார் அவர். "அது எம் பையன்."

தாரணி கை வைக்கவில்லை. அந்தக் கோப்பினை மூடும்போது, சுருக்குவதும் விரிப்பதும் தன் வேலை, எது சின்னது என்று சொல்வது தன் வேலை இல்லை என்று தோன்றியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் தாரணி எண் பார்க்க வந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் பூங்கொடியும் நாச்சிமுத்துவும் வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, பேசாமல் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் செய்த வேலை கெட்டுவிட்டது என்றுதான் தாரணி முதலில் நினைத்தாள். திரையில் போட்டுப் பார்த்தபோது, அவள் வெட்டிய எண் வெட்டிய இடத்தில் இல்லை. பழைய உயரத்தைத் தாண்டி நின்றது. பாலம் மூளையிடம் பாடம் கேட்டுத் தன் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். இவள் அழித்ததை அவர் மூளை உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக மறுபடி எழுதியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் தினம் சண்டை.

இதில் கெட்டுப்போனது எதுவும் இல்லை, முடி வெட்டுகிற மாதிரி அவ்வப்போது வந்து குறைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என்று பெனாசிர் விளக்கினார். நாச்சிமுத்து போன தடவை கையெழுத்துப் போட்ட தாளிலேயே, பிறகு தேவைப்படும் திருத்தங்களுக்கும் சம்மதம் இருந்தது என்பதால் உடனே செய்துவிடலாம் என்றார். வருஷத்துக்கு ரெண்டு தடவை வர வேண்டியிருக்கும், சிரமம்தான் என்று வருத்தப்பட்டார். பூங்கொடி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சிரமப்படுகிற முகமாக வைத்துக்கொள்ள அவர் பாடுபட்டது தாரணிக்குத் தெரிந்தது.

நாச்சிமுத்துவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து ஒயரை மாட்டினார்கள். தாரணி வெளி அறையில் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"கண்ணு, செத்த இருங்க," என்றார் பூங்கொடி. நனைந்த முந்தானையைப் பிழிந்து உதறிச் செருகிக்கொண்டார். தாரணியின் கண்ணைப் பார்க்கவில்லை. "அஞ்சு நிமிசம். அவருகிட்ட ஒண்ணு கேக்கோணும். கேட்டுட்டு வந்துர்றேன், அப்பறம் வெட்டிக்கலாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரையில் கோடு மெல்ல ஏறிச் சட்டத்தைத் தொட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவின் குரல் ஆரம்பித்தது. தாரணி திரையை அணைத்தாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு, எதுவும் காதில் விழாத தூரத்தில், மழையைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள்.